பட்டாவில் இல்லாத பெயர்: பயிர்ச் சேத நிவாரணமும் பொதுவில் வைக்க வேண்டிய கணக்கும்

ரெட்டமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்
சத்திரம் பேருந்து நிலையம் அருகில், திருச்சிராப்பள்ளி



1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையும் வந்தது. சாலை, கிணறு பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்தப் பட்டியலில் இருந்த ‘பொது அலுவலகம்’ என்ற சொல்லைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்றைய உரை அந்தச் சொல்லைப் பற்றியது. அலுவலகத்துக்குள் நுழையும் உரிமை நூறாண்டுக்கு முன்பே ஏட்டில் வந்துவிட்டது. அலுவலகத்தின் அலமாரியில் இருக்கும் ஏட்டுக்குள் நம் பெயர் நுழைந்திருக்கிறதா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி.

இந்தப் பேருந்து நிலையத்திலிருந்து லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, தொட்டியம் என்று பேருந்துகள் கிளம்புகின்றன. அந்த வழியெங்கும் நெல்லும் வாழையும்தான். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வந்த வெள்ளத்தில் திருவரங்கத்துக்கு வடக்கே இருந்த பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22ஆம் தேதி முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தன. பாலத்தின் படமும் மதகுகளின் படமும் நாடு முழுக்கப் போயின. பயிர் போனால் என்ன ஆகிறது என்பதற்கு அப்படிப் படம் கிடையாது. அதற்குக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்வதே இந்த உரையின் நோக்கம்.

பணம் எங்கிருந்து வருகிறது

புயல், வெள்ளம், வறட்சி வந்தால் உழவருக்குத் தரப்படும் தொகை முதலமைச்சரின் மனம் போல் முடிவாவதாகப் பலர் நினைக்கிறார்கள். அறிவிப்பு அவர் பெயரில் வருவதால் அந்த எண்ணம் ஏற்படுகிறது. உண்மையில் அதற்கு ஒரு சட்டமும் ஒரு நிதியும் ஒரு விலைப்பட்டியலும் இருக்கின்றன.

சட்டம், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். நிதி, மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு இதில் 75 விழுக்காடு ஒன்றிய அரசின் பங்கு, 25 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. விலைப்பட்டியல் என்பது எந்த இழப்புக்கு எவ்வளவு என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் வெளியிடும் நெறிமுறை. 2015இல் வந்த நெறிமுறைப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 6,800 ரூபாய், பாசனப் பயிருக்கு 13,500, பல்லாண்டுப் பயிருக்கு 18,000. 2022இல் இவை முறையே 8,500, 17,000, 22,500 ஆயின. மாநிலம் விரும்பினால் தன் பணத்தைச் சேர்த்துக் கூடுதலாகத் தரலாம். 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழையில் காவிரிப் படுகையில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தபோது தமிழ்நாடு அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. ஏக்கருக்குச் சுமார் 8,100 ரூபாய்.

2017 வறட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்றார்கள். 13,500ஐ 2.47ஆல் வகுத்தால் 5,465 வரும். ஏக்கரில் சொன்னதால் புது எண் போலத் தெரிந்ததே தவிர, அது ஒன்றிய நெறிமுறையின் எண்தான். வகுத்துப் பார்க்கத் தெரிந்தால், அரசு தன் கையிலிருந்து எவ்வளவு சேர்த்தது, எவ்வளவு சேர்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். மாணவர்கள் ஒவ்வோர் அறிவிப்பையும் இப்படி வகுத்துப் பார்க்க வேண்டும்.

33 என்ற எண்

2015க்கு முன் பயிரில் பாதி அழிந்தால்தான் நிவாரணம். அந்த ஆண்டு அது 33 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு வயலில் 33 விழுக்காடு சேதமா, 30 விழுக்காடு சேதமா என்று சொல்பவர் யார்? வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண் அலுவலரும் வரப்பில் நின்று பார்த்து எழுதுகிறார்கள். வாழையாக இருந்தால் தோட்டக்கலைத் துறை வரும். 33 என்று எழுதினால் முழுத் தொகை. 32 என்று எழுதினால் ஒரு காசும் இல்லை. நடுவில் படிகளே கிடையாது.

இப்படி ஒரே எண்ணில் எல்லாம் தீர்மானமாகும் இடத்தில், அந்த எண்ணை எழுதும் கை யாருடையது, எழுதும்போது பக்கத்தில் நிற்பவர் யார் என்பது மிகப் பெரிய விஷயம். சாலையோர வயலை எல்லோரும் பார்க்கிறார்கள். வாய்க்கால் கடைமடையில், சேரிக்குப் பின்னால் தாழ்வான இடத்தில் கிடக்கும் அரை ஏக்கரை யார் பார்த்தார்கள்? பார்த்திருந்தால் எந்தத் தேதியில்? இந்தக் கேள்விகளுக்கு விடை அந்தக் கணக்கெடுப்புப் பதிவேட்டில் இருக்கிறது. அது பொது ஆவணம். ஆனால் அதை ஊர் மக்கள் தாமாகப் பார்க்கும் ஏற்பாடு இல்லை.

பட்டா, சிட்டா, அடங்கல்

நிவாரணம் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமானால் அவர் பெயர் சில ஏடுகளில் இருக்க வேண்டும். பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்கின்றன. அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில், எந்தப் பசலியில், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று அது சொல்கிறது. நிலவுடைமை ஏட்டையும் சாகுபடி ஏட்டையும் சேர்த்தால்தான் பயனாளி கிடைப்பார்.

இந்த ஏடுகளுக்கு ஒரு சமூக வரலாறு உண்டு. 1980 நவம்பர் வரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் இவற்றை எழுதியவர்கள் கர்ணமும் மணியக்காரரும். அந்தப் பதவிகள் பரம்பரையாக, பெரும்பாலும் நிலவுடைமைச் சாதிகளின் வீடுகளில் இருந்தன. யாருக்கு எவ்வளவு நிலம், யார் சாகுபடி செய்கிறார் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அந்த வீடுகளே எழுதிவந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பம்பாய் மாகாணத்தில் 1928இலேயே பரம்பரைப் பதவிச் சட்டத்தைத் திருத்த அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். எழுதும் கை மாறியது. ஆனால் கர்ணம் விட்டுச்சென்ற ஏட்டின் உள்ளடக்கம் அவ்வளவு எளிதாக மாறவில்லை. 1892 அரசாணையின்படி நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப்போன எல்லாருக்கும் இது தெரியும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பட்டியல் சாதியினரிடம் இருப்பவை சுமார் 12 விழுக்காடு. பரப்பில் அவர்கள் பங்கு 9 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே பட்டாவை வாசலாக வைத்து ஒரு பணம் வந்தால், அதில் எவ்வளவு நம் தெருவுக்கு வரும் என்பது நிவாரணம் அறிவிக்கப்படும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

விடுபடுவோர் மூவர்

முதலாமவர், குத்தகை உழவர். திருச்சி, தஞ்சைப் பகுதியில் கோயில் நிலங்களும் மடத்து நிலங்களும் ஏராளம். அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அங்கே பட்டா சாமியின் பெயரில் இருக்கும். ஏர் பிடிப்பவர் வேறு. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் குத்தகைதாரரைக் காக்க வந்தவை. இரண்டாவது சட்டப்படி குத்தகைதாரர் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவருக்கு ஓரளவு வழி இருக்கிறது. பதிவில் இருப்பவரிடமிருந்து வாய்ப்பேச்சில் நிலம் வாங்கிப் பயிரிடும் உள்குத்தகைக்காரருக்கும், வாரத்துக்கு உழுபவருக்கும் எந்த ஏட்டிலும் இடம் இல்லை. நம் மக்களில் நிலம் பிடித்துப் பயிர் செய்பவர்கள் பெரிதும் இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறார்கள்.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். நெறிமுறையில் இந்தத் தொகையின் பெயர் ‘இடுபொருள் மானியம்’. விதை, உரம், மருந்துக்குப் போட்ட பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது என்று பொருள். விதைத்த பரப்புக்கு மட்டுமே தர வேண்டும் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. அப்படியானால் அது விதைத்தவருக்குச் சேர வேண்டிய பணம். விதை வாங்காத, வயலில் கால் வைக்காத, வேறு ஊரில் குடியிருக்கும் பட்டாதாரரின் கணக்கில் அது ஏறும்போது, அரசு தன் சொல்லுக்கே பொருள் மாற்றிவிடுகிறது.

இரண்டாமவர், கூட்டுப் பட்டாக்காரர். தாத்தா பெயரில் பட்டா, பங்காளிகள் நால்வர், பாகப்பிரிவினை பத்திரமாகவில்லை. பெண்களுக்குப் பங்கு ஏட்டில் ஏறவே இல்லை. கணவர் இறந்தபின் பயிர் செய்யும் பெண் நிவாரணம் கேட்டுப் போனால் முதலில் வாரிசுச் சான்று கொண்டுவரச் சொல்வார்கள். அது வருவதற்குள் கணக்கெடுப்பு முடிந்துவிடும்.

மூன்றாமவர், விவசாயக் கூலித் தொழிலாளி. இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம் பேர், விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம் பேர். வயல் மூழ்கினால் களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை, கதிர் அடிப்பு இல்லை. வாழை சாய்ந்தால் இலை அறுப்பும் இல்லை, தார் சுமப்பும் இல்லை. பயிரின் இழப்பு கூலியின் இழப்பும்கூட. 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் கணக்கிட்டுத் தந்தார்கள். அந்த மரத்தில் ஏறித் தேங்காய் பறித்தவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்ணுக்கும் மரக்கணக்கில் பங்கு இல்லை. மரத்தைத்தான் எண்ணினார்கள்.

2017க்குத் திரும்புவோம். அந்த வறட்சிக்கு 32 லட்சத்துக்கும் மேற்பட்ட உழவர்களுக்கு 2,247 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. நிலவரி தள்ளுபடி செய்யப்பட்டது. நிலமற்றவருக்கு என்ன? நூறு நாள் வேலை 150 நாள் ஆக்கப்பட்டது. அதாவது, ஒருவருக்கு இழந்ததற்கு ஈடாகப் பணம் வந்தது. இன்னொருவர் இழந்ததற்கு ஈடாக மீண்டும் மண் வெட்ட வேண்டியிருந்தது.

இது சட்டத்தில் வழி இல்லாததால் வந்த நிலைமை என்று சொல்ல முடியாது. அதே பேரிடர் நெறிமுறையில், வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நாள் கணக்கில் உதவி தரலாம் என்று ஒரு வரி இருக்கிறது. 2015 பட்டியலில் பெரியவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய் என்று தொகையும் போட்டிருந்தார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் தருவதில் பால், சாதி, சமூகம், வம்சம், மதம் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. நம் பக்கம் இருக்கும் இந்த வரிகளை நம்மில் எத்தனை பேர் மனுவில் எழுதியிருக்கிறோம்?

பட்டியலை ஏன் பொதுவில் வைக்க வேண்டும்

தகவல் அறியும் உரிமை இயக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அது பேரிடர் நிவாரணத்திலிருந்து வந்தது. ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைகளில் மண் சுமந்த ஏழைகளுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடத் தரப்படவில்லை. சஞ்சித் ராய் தொடர்ந்த வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம், பஞ்ச நிவாரண வேலை என்றாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே தருவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று தீர்ப்பளித்தது. அந்த வேலைத்தளத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிறகு 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், வருகைப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டது. அது அரசு இரகசியம் என்றார்கள். 1994 முதல் ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தி, பதிவேட்டிலிருந்த பெயர்களை மக்கள் முன் உரக்கப் படித்தார்கள். இறந்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அப்போது வெளிவந்தது. 2005 சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. தமிழ்நாடு அதற்கும் முன்பே, 1997இல், தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம்.

2005 சட்டத்தின் 4ஆவது பிரிவு, யாரும் கேட்காமலேயே அரசு வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. மானியத் திட்டங்கள் எப்படி நிறைவேற்றப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்பவை அதில் தெளிவாக உள்ளன. பயிர் நிவாரணப் பட்டியல் இதற்குள் அடங்கும். அதை ஊராட்சி மன்றத்தில் ஒட்டுவது சலுகை என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள்.

பட்டியல் மூடியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2020இல் பிரதமரின் உழவர் நிதித் திட்டத்தில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது கண்டுபிடிக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில்தான் அது அதிகம். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இணையத்தில் விண்ணப்பம், வங்கிக்கு நேரடிப் பணம் என்று எல்லாம் கணினிமயமாக இருந்த திட்டம் அது. கணினி வந்துவிட்டால் களவு போய்விடும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊர் பார்த்திருந்தால் உழவர் யார், உழவர் அல்லாதவர் யார் என்று ஒரே நாளில் சொல்லியிருக்கும்.

அண்டை மாநிலங்கள் சில அடிகள் முன்னே வைத்திருக்கின்றன. ஆந்திராவில் 2019இல் தொடங்கிய உழவர் உதவித் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகை உழவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் கணக்கில் எடுத்தது. சத்தீஸ்கர் 2021இல் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கென்றே ஆண்டு உதவி தொடங்கியது. இவை பேரிடர் நிவாரணம் அல்ல, ஆண்டு உதவித் திட்டங்கள். நிலம் இல்லாதவரையும் ஓர் அரசு அடையாளம் கண்டு பணம் அனுப்ப முடியும் என்பதற்கு இவை சாட்சி.

வெளிநாட்டுப் பாடம் ஒன்று

1933இல் அமெரிக்க அரசு பருத்தி விலையை உயர்த்துவதற்காக, பயிரிடும் பரப்பைக் குறைத்தால் பணம் தருவதாகச் சட்டம் செய்தது. பணம் நில உரிமையாளர் வழியாகப் போனது. அவர் தன் வாரதாரருக்குப் பங்கு தர வேண்டும் என்பது ஏற்பாடு. பல உரிமையாளர்கள் பங்கு தரவில்லை. நிலம் குறைந்ததைச் சாக்காக வைத்து வாரதாரர்களையே வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் கறுப்பினத்தவர் பெருந்தொகை. அதை எதிர்த்து 1934இல் ஆர்கன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அறுபத்தைந்து ஆண்டு கழித்து, 1999இல், வேளாண் துறையின் கடனிலும் உதவியிலும் இனப் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கறுப்பின உழவர்கள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் அரசு உடன்பாட்டுக்கு வந்தது. உரிமையாளர் கையில் கொடுத்தால் உழைப்பவருக்குச் சேரும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இதில் படிக்கலாம்.

தனியுரிமை என்ற கேள்வி

பட்டியலை வெளியிட்டால் உழவரின் தனியுரிமை என்ன ஆவது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடக் கூடாது. 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம், வேளாண் மானியம் பெற்ற தனிமனிதர் எல்லாரின் பெயரையும், தொகை பெரிதா சிறிதா என்று பாராமல் இணையத்தில் போடுவது அளவு மீறியது என்றது. அதற்காக ஐரோப்பா பட்டியலையே மூடிவிடவில்லை. 2013இல் புதிய விதி செய்து, ஆண்டுக்கு 1,250 யூரோவுக்கும் கீழே பெறும் சிறியவர்களின் பெயரை மறைத்து, மற்றவர்களின் பெயரை வெளியிட்டது. சிறியவரைக் காத்துப் பெரியவரைக் காட்டும் முறை அது.

இங்கே நடப்பது வேறு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) எனப்படும் தனிநபர் தகவல் விலக்கைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று அகலமாக்கியது. இதைக் காட்டி நாளை பயனாளிகள் பட்டியலையும் மறுப்பார்கள். நம்மிடம் இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, பொதுநலன் பெரிதானால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. இரண்டு, நாம் கேட்பது ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கையோ அலைபேசி எண்ணையோ அல்ல. புல எண், பயிர், பரப்பு, சேத விழுக்காடு, பெயர், தொகை ஆகிய ஆறு மட்டும் போதும். பட்டாவையே யாரும் இணையத்தில் பார்க்கலாம் என்று வைத்திருக்கும் மாநிலத்தில், அந்தப் பட்டாவுக்குப் போன பொதுப்பணத்தை மட்டும் இரகசியம் என்பது பொருந்தாது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று நம் பக்கமே இருக்கிறது. தன்னைக் குத்தகைதாரர் என்று ஏட்டில் எழுதச் சொல்பவர் அடுத்த போகத்துக்கு நிலத்தை இழக்கலாம். பெயர் பதிவானால் நாளை உரிமை கேட்பான் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். அதனால்தான் நம் ஆட்கள் ஏக்கருக்குச் சில ஆயிரம் நிவாரணத்தை விட்டுக்கொடுத்து, வாய் மூடி, நிலத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். இதை அறியாமை என்று சொல்லி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதில் பயனில்லை. அது அவர்கள் போட்ட கணக்கு, சரியான கணக்கு. எனவே வெளிப்படைத்தன்மையை உழவரின் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது. உரிமையாளரின் ஒப்புதல் கையெழுத்து இல்லாமலே, பக்கத்து வயல்காரர்களின் சாட்சியத்தில், அந்தப் போகத்துக்கு மட்டும் செல்லும் சாகுபடிச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று நிவாரணத்துக்கு மட்டுமே பயன்படும் என்று அரசாணையில் எழுத வேண்டும். இதனால் 1955 சட்டத்தின் பாதுகாப்பைக் கைவிடுவதாகாது. அதைக் கேட்கும் வலிமை வரும் வரை பட்டினி கிடக்காமல் இருக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, கூட்டுக் கணக்கெடுப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் வரைவுப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் மட்டுமல்லாமல் ஊர்த் தெருவிலும் நம் குடியிருப்பிலும் ஒட்ட வேண்டும். ஊர் மந்தையில் மட்டும் ஒட்டினால் அதன் முன் நின்று நிதானமாகப் படிக்க நம்மில் எல்லாராலும் முடியாது. 1924 தீர்மானம் எதற்காக வந்ததோ அதே காரணம்தான்.

இரண்டாவது, பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படித்து, மறுப்புகளைப் பதிவு செய்த பிறகே பணம் போக வேண்டும். பேரிடரில் காத்திருக்க முடியாது என்பார்கள். சிறப்புக் கிராம சபை கூட்ட ஏழு நாள் போதும். நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சமூகத் தணிக்கையைக் கொண்டுவந்தது. அதற்குப் பழகிய அமைப்பு தமிழ்நாட்டில் இருக்கிறது. அதை நிவாரணத்துக்கும் விரிக்கலாம்.

மூன்றாவது, ஏக்கர் கணக்கோடு கூலி நாள் கணக்கும் வேண்டும். கூலித் தொழிலாளரை எப்படி அடையாளம் காண்பது என்ற சாக்கு எடுபடாது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள் உறுப்பினராகப் பதிவாகியிருக்கிறார்கள். நூறு நாள் வேலை அட்டையும் இருக்கிறது. ஏடு ஏற்கெனவே அரசின் கையில் உள்ளது.

நான்காவது, ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் மாவட்டவாரியாக, சமூகவாரியாக, பால்வாரியாக எத்தனை பேருக்கு எவ்வளவு போனது என்ற தொகுப்பு வெளிவர வேண்டும். இதில் யார் பெயரும் தேவையில்லை. 61ஆவது பிரிவு மீறப்படுகிறதா என்று அறிய வேறு வழியும் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை

உரை கேட்டுக் கலைவதோடு முடியக் கூடாது என்பதால் ஒரு வேலையைச் சொல்லி நிறுத்துகிறோம். இந்தப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் படிக்கும் பலர் லால்குடி, முசிறி பக்கமிருந்து தினமும் வந்து போகிறவர்கள். உங்கள் ஊர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நடந்த பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு பற்றி வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒரு மனு போடுங்கள். நான்கு ஆவணங்களைக் கேளுங்கள்: புல எண் வாரியான கணக்கெடுப்புப் பதிவேடு, பணம் போன பட்டியல், வங்கியிலிருந்து திரும்பி வந்த தொகைகளின் பட்டியல், அந்த ஊரின் குத்தகை உரிமைப் பதிவேடு. நகல் வாங்கப் பணம் இல்லையென்றால் ஆவணத்தை நேரில் பார்வையிடவும் சட்டம் இடம் தருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

ஆவணம் கிடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு நம் தெருவுக்குப் போங்கள். ஒவ்வொரு புல எண்ணாகப் படித்து, இந்த வயலில் அந்தப் போகம் நாற்று நட்டது யார், உரம் வாங்கிப் போட்டது யார், அறுப்பு இல்லாமல் வீட்டில் இருந்தது யார் என்று கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள். வயதானவர்களும் பெண்களும் ஏட்டைவிடச் சரியாகச் சொல்வார்கள். அரசின் பட்டியலில் உள்ள பெயருக்கும் நீங்கள் எழுதிய பெயருக்கும் இடையில் உள்ள வேறுபாடுதான் உங்கள் ஊரின் உண்மையான சேதக் கணக்கு. குத்தகைக்காரர் தன் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்றால் எழுதாதீர்கள், எண்ணிக்கையை மட்டும் குறியுங்கள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் நவம்பர் கூட்டம் வருகிறது. அந்தக் கூட்டத்தில், இந்த முறை சேதம் வந்தால் பட்டியல் எங்கே ஒட்டப்படும், எப்போது படிக்கப்படும், கூலி இழந்தவர் பெயர் எந்த ஏட்டில் ஏறும் என்று கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தபின் கேட்பதைவிட, வருவதற்கு முன் கேட்டு எழுதிவைத்தால் அதை மறுப்பது அவர்களுக்குக் கடினம்.

ஜெய்பீம்.